சொன்னாளா, நினைத்தாளா

வாயால் சொன்னாளா, மனசுக்குள் நினைத்ததோடு நின்றுவிட்டதா என்பதுதான் ஜெனிட்டாவுக்கு ஞாபகம் வரவில்லை. தண்ணீர் ஞாபகம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஆட்டோவில், மடியில் கிடந்த பதினோரு மாதப் பிள்ளைக்குக் கண் மேலே செருகி, ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது, அதன் நெற்றியில் விழுந்து, காதுக்குப் பின்னால் இறங்கி, தன் சுடிதாரை நனைத்துத் தொடை வரை சில்லென்று வந்த தண்ணீர். முன்னால் ஒரு டவுன் பஸ் மறித்துக்கொண்டு நின்றது, அதன் முதுகில் நகைக்கடை விளம்பரத்துப் பெண் சிரித்தது, டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே இருந்தது, அந்த ஹாரன் சத்தத்துக்குள் இன்னொரு சத்தமாகத் தன் தொண்டை எதையோ செய்துகொண்டிருந்தது, எல்லாம் இருக்கிறது. தொண்டை என்ன செய்தது என்பது மட்டும் இல்லை. கத்தியதா, அழுததா, அந்த வார்த்தைகளைச் சொன்னதா. இப்போது மத்தியானம்; திருச்சியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தா; எதிரே சாத்தியிருக்கும் கதவுக்குப் பின்னால் பிள்ளை நறுமுகையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வளைத்துப் பிடித்து, முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்கிறார்கள். மூளைக்காய்ச்சலா இல்லையா என்பது அதில் தெரியுமாம். தாய் தகப்பன் உள்ளே நின்றால் மயங்கி விழுவீர்கள், பிறகு உங்களையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சிரித்தபடி வெளியே அனுப்பிவிட்டார். சிரித்தார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றா, பயப்பட நிறைய இருக்கிறது என்றா. இரும்பு நாற்காலி வரிசையில் ஒரு பக்கம் கணவன் இளவழகன், மறுபக்கம் ஸ்டெல்லா சித்தி, நடுவில் அவள். காலையிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மார்பு கட்டி, கல்லாகி, இப்போது தானாகவே கசிந்து துப்பட்டாவுக்கு உள்ளே ஈரமாகிக்கொண்டிருக்கிறது. அது யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதுபோல்.

கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் பெனிட்டா அவசர ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லித் தந்தார். சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் வந்து சேர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நர்ஸ் கொடுக்கலாம், வீட்டு வேலைக்கு வரும் அம்மா கொடுக்கலாம், கடவுளே இல்லை என்கிற ஆள்கூடக் கொடுக்கலாம், திருச்சபை நினைக்கிறதை அந்த நேரத்துக்கு அவரும் நினைத்துக்கொண்டால் போதும் என்றபோது பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், கடவுள் இல்லை என்கிறவர் எதற்கு சிஸ்டர் அங்கே வரப்போகிறார் என்று. நீலக்கண் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வகுப்பில் கைமாறிக்கொண்டே வரும். அதன் மொட்டைத் தலையில் டம்ளர் தண்ணீரை ஊற்றி, பெயர் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாய்விட்டு. வாய்விட்டு என்றால் வாய்விட்டு. உதடு மட்டும் அசைந்தால் சிஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார், மனசுக்குள் சொல்வது ஜெபம், திருமுழுக்கு ஆகாது. ஆகிவிட்டதென்றால் ஆகிவிட்டது, இன்னொரு தடவை கொடுப்பது பாவம். ஆனதா இல்லையா என்று நிஜமாகவே சந்தேகம் வந்தால் மட்டும் அதற்கென்று தனி வார்த்தை, நீ ஏற்கெனவே பெறாதிருந்தால் என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். பெறாதிருந்தால். அவளுடைய கைப்பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. பிள்ளை வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும். ஆனால் சந்தேகம் நிஜமான சந்தேகமாக இருக்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது கேட்காமல் இருப்பது சந்தேகமாகுமா. நேற்று ஆட்டோவில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி ஒருவன் உண்டு. இதோ பக்கத்தில் உட்கார்ந்து, காலில் கழன்ற செருப்பை மாட்டாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோயிலும் வேண்டாம் கிறித்தவமும் வேண்டாம், பதினெட்டு வயதில் பிள்ளையே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அவளும் சேர்ந்துதான் பேசிக்கொண்டார்கள். கறுப்புச் சட்டைக் குடும்பத்துப் பையன். பேச்சு மாறினால் சண்டை போட மாட்டான், அதுதான் பயம். உன்னை நம்பினேன் ஜெனி என்று ஒரு தடவை சொல்வான், அவ்வளவுதான்.

"மாப்ள, நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்கக் கூடாது" என்று ஸ்டெல்லா சித்தி ஆரம்பித்தாள். சித்தி அவர்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவி. சில வீடுகள் சேர்ந்து வாரத்துக்கு ஒரு வீட்டில் ஜெபம் சொல்லும் அந்தக் கூட்டத்தில் சித்தி பேச எழுந்தால் டீ ஆறிவிடும் என்று அம்மாவே சொல்வாள். "இந்த ஆஸ்பத்திரி தானா முளைச்சுதா?" இல்ல சித்தி, என்றான் இளவழகன். "ஒரு இன்ஜினியர் கட்டியிருக்காரு. மூணு மாடிக்கே ஒரு ஆள் வேணும்னா, உங்க புள்ள விரல்ல நகம் இருக்கே, அரிசி நொய் கணக்கா, அத செய்ய ஒருத்தர் வேணாமா?" இப்போது அவன் சொல்வான் என்று ஜெனிட்டா காத்திருந்தாள். அவளுக்கே தெரியும் பதில். கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியில் அவள் இதையேதான் சட்டையை வைத்துப் பேசினாள், சட்டை இருக்கிறதென்றால் தையல்காரர் இருக்கிறார் என்று, கைதட்டல் வந்தது, முதல் பரிசும் வந்தது, வெளியே வடைக்கடையில் வந்து நின்ற ஒல்லிப் பையன் சொன்னான், "தையல்காரரை நான் பாத்திருக்கேங்க. அளவு குடுத்திருக்கேன். கழுத்தை இறுக்கமா வெச்சுட்டார்னு சண்டையும் போட்டிருக்கேன். அதனால சட்டையைப் பாத்தா தையல்காரர்னு தெரியுது. உலகம் தைக்கிறத நீங்க எங்க நின்னு பாத்தீங்க? சரி, தச்சவர்னே வெச்சுக்குவோம், அவரை யார் தச்சா? அவர் மட்டும் தானா வந்தார்னா, உங்க விதி உங்க ஆளுக்கே பொருந்தலையே. வாதத்துல ஓட்டை. குரல் நல்லாருக்கு." அந்த வடையின் சூடு நாக்கில் இருக்கிறது. அந்தப் பையன் இல்லை. பக்கத்தில் இருப்பவன், காபி வாங்கிட்டு வரட்டுமா சித்தி, என்று கேட்டான். சித்திக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சண்டைக்கு வந்த இடத்தில் காபி கொடுத்தால் யாருக்குத்தான் ஏமாற்றமாக இருக்காது. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, காற்றுக்குத் தாவினாள். "கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நம்புவேங்கிறீங்க. காத்து தெரியுதா? அதுக்காக இல்லேன்னு சொல்வீங்களா?" சுவரோரமாக ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் சங்கிலியில் கட்டி நின்றது, தலையில் முள் வைத்த கண்ணாடி வட்டம், முள் பாதியில். காற்றை அடைக்கிறோம், அழுத்தம் பார்க்கிறோம், தீர்ந்துபோனால் முள் விழுந்துவிடும், வேறு சிலிண்டர் வரும். கடவுளுக்கு அந்த முள் எங்கே. இதுவும் அவன் சொன்னதுதான், ஒரு பங்ச்சர் கடை முன்னால். சொல்லேன் இளா, என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். சொல். நீ பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒரு அழுகை கிளம்பி, யாரோ துணியால் மூடினதுபோல் நின்றது. பால் இன்னும் கொஞ்சம் கசிந்தது.

சித்தி மட்டுமா, எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், சுற்றிச் சுற்றி, ஒரே தெருவில் வீடு தேடுகிறவர்கள் மாதிரி. உலகத்தில் இத்தனை கோடிப் பேர் கும்பிடுகிறார்களே, அத்தனை பேரும் முட்டாளா; ஒரு காலத்தில் அத்தனை கோடிப் பேரும் பூமி தட்டை என்றார்கள். இல்லை என்கிறாயே, இல்லை என்று நிரூபி பார்க்கலாம். இருக்கிறது என்கிறவர்தான் காட்ட வேண்டும், என் வீட்டு மாடியில் யானை இருக்கிறது என்று நான் சொன்னால் நீயா ஏறிப் பார்த்து இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடவுள் பயம் போய்விட்டால் தப்புப் பண்ணாமல் இருக்க என்ன இருக்கிறது. அப்படியானால் உங்களைத் தடுத்துவைத்திருப்பது பயம் மட்டும்தானா, பக்கத்தில் உட்காரவே யோசனையாக இருக்கிறதே. ஒன்றொன்றாக அவன் கழற்றிப் போட்டான், அவளும் கூட நின்று கழற்றினாள், கழற்றுவதில் ஒரு குஷி இருந்தது, முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகும் சாப்பிடும் முன்னால் சிலுவை போடக் கை நெற்றிக்குப் போகும், அவன் பார்க்காததுபோல் ரசத்தை ஊற்றிக்கொள்வான். கடைசியாக விழுந்தது 'இருந்தா' என்கிற வாதம். அதைச் சொன்னது அவளேதான், கல்லூரி கடைசி வருஷம், கல்லணைப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு. நம்பி, கடவுள் இல்லாமல் போனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம்பாமல், அவர் இருந்துவிட்டால்? அவன் உடனே சிரிக்கவில்லை. "எந்தக் கடவுள் இருந்துட்டா ஜெனி? உங்க ஆள் இல்லாம பக்கத்துத் தெரு ஆள் இருந்துட்டா? அத விடு. எதுக்கும் இருக்கட்டும்னு கும்பிடறவனை அவருக்கு அடையாளம் தெரியாதா? அவ்ளோ ஏமாளியா அவரு?" அன்றைக்கு அவள் கடவுளுக்காக வெட்கப்பட்டாள். இப்போது சிஸ்டர் பெனிட்டாவின் வாயால் 'பெறாதிருந்தால்' வருகிறது. எதுக்கும் இருக்கட்டும்.

"எங்க அன்பியத்துல ஒரு பொண்ணு மாப்ள" என்றாள் சித்தி, நாற்காலியின் நுனிக்கு வந்து. "அதோட புள்ளைக்கும் இதே மாதிரிதான், ஐசியூல போட்டு, கை விரிச்சுட்டாங்க. நாங்க ராத்திரியெல்லாம் முழங்கால்ல நின்னோம். காலையில கண்ண முழிச்சு இட்லி கேட்டுச்சு! இப்ப யூகேஜி படிக்கிறான். இதுக்கு என்ன சொல்றீங்க?" இதற்கு ஜெனிட்டாவிடம் பதில் இருந்தது, ஆனால் இளவழகன் குரலில் இல்லை, ஒரு கட்டிலாக இருந்தது. நேற்று அவர்கள் பிள்ளைக்கு அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பையன். அவன் அம்மா சமயபுரத்துக் குங்குமத்தை அவன் நெற்றியில் வைத்துக்கொண்டே இருந்தாள், வேர்வையில் கரைந்ததும் மறுபடி வைத்தாள், நர்ஸ் திட்டத் திட்ட வைத்தாள். தூக்கத்தில் இவளுக்குத் தலை சாய்ந்து, நிமிர்ந்தபோது அந்தக் கட்டிலின் ரெக்சின் மெத்தையைத் துடைத்துக் காயப்போட்டிருந்தார்கள். ஃபேன் காற்றில் ஈரம் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டே போனது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போதாமல் ஜெபித்தாளா. இட்லி கேட்ட பிள்ளையை யூகேஜிக்கு அனுப்பியவர், குங்குமம் வைத்த பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்பினார். அந்த அம்மா எந்த அன்பியத்திலும் எழுந்து நின்று சாட்சி சொல்லப் போவதில்லை, பிழைத்தவர்கள்தான் மைக்கைப் பிடிக்கிறார்கள். சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. சொன்னால், அந்தக் கட்டிலும் நம் கட்டிலும் ஒன்று என்று ஆகிவிடும். சொல்லாமல் விழுங்கினாள். விழுங்கியபோது, சித்தியின் இட்லி பிள்ளையைத் தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது, ஓட்டை என்று தெரிந்த பாத்திரத்தை மழைக்கு நீட்டுகிற மாதிரி, தன் வெட்கமில்லாத கையைத் தானே பார்த்துக்கொண்டு.

இளவழகன் வாயைத் திறந்தான். "இருக்கலாம் சித்தி" என்றான். சித்தி ஒரு கணம் அசந்துபோனாள். பிறகு முகம் மலர்ந்து, ஜெனிட்டாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "கேட்டியாடி? நான் சொன்னேன்ல? கப்பல் கவுறப்போ எவனும் நாத்திகன் இல்ல. இவரும் உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு, கட்சிக்காரங்களுக்குப் பயந்து வெளிய சொல்ல மாட்டேங்கிறாரு. இல்லியா மாப்ள?" அவன் அதற்கும் சிரிக்கப் பார்த்தான், பாதி உதடுதான் வந்தது. ஆறு வருஷமாக இந்த வாய் ஒரு 'இருக்கலாம்' சொல்லாதா என்று ஜெனிட்டா ஏங்கியிருக்கிறாள், சொல்லும் நாளில் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி என்றுகூட ஒருமுறை நேர்ந்துகொண்டாள். சொல்லிவிட்டது. இந்த வராந்தாவில், பினாயில் வாசனையில், செருப்பு இல்லாத ஒரு காலோடு. பிள்ளை பிழைக்காது என்று இவன் நினைக்கிறான். அதனால்தான். மூழ்குகிறவன் எதையும் பிடிப்பான், அவன் பிடித்ததால் அது மிதக்கும் என்று ஆகிவிடுமா சித்தி. "சும்மா இருங்க சித்தி" என்று அவள் சொன்னாள். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல் வந்தது. "பயந்து கிடக்கிற மனுசனப் புடிச்சு ஒப்புக்கிட்டான் ஒப்புக்கிட்டான்னா, அது உங்க சாமிக்கு அழகா?" உங்க சாமி. நம்ம சாமி என்று வந்திருக்க வேண்டும். சித்தி அவளை உற்றுப் பார்த்தாள். "ராத்திரி தூங்கல, அதான் இப்படிப் பேசுற" என்று செபமாலையை எடுத்துக்கொண்டாள், அதற்குள் மடியில் போன் அடித்தது, திண்டுக்கல்லிலிருந்து அம்மா, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், ஒன்றும் காதில் விழவில்லையாம். சித்தி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னும் எடுக்கிறாங்கக்கா, எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க, என்று கத்தியபடி மாடிப்படிப் பக்கம் போனாள்.

இரண்டு பேரும் கதவும் மட்டும் இருந்தார்கள். கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும், ஒருவேளை பிள்ளைக்கும் நேரம் போய்விடும், நேரம் போய்விட்டால் எங்கே போகும் பிள்ளை, ஞானஸ்நானம் வாங்காமல் செத்த பிள்ளைகள் போகும் என்று சிஸ்டர் சொன்ன அந்த அழுகையும் இல்லாத சிரிப்பும் இல்லாத இடத்துக்கா, அப்படி இடமே கிடையாது என்று இப்போது சாமியார்களே சொல்கிறார்கள், சாமியார்களுக்கு எப்படித் தெரியும், அவர்கள் ஏறிப் பார்த்தார்களா. "இளா" என்றாள். ம், என்றான். "நேத்து ஆட்டோல நான் ஏதாச்சும் சொன்னேனா?" எப்போ, என்றான். "பாப்பா தலையில தண்ணி விழுந்தப்போ." அவன் கண்ணை மூடிக்கொண்டான். நிச்சயமில்லாததைச் சொல்லமாட்டான், எதையாவது கேட்டால் இப்படித்தான் கண்ணை மூடி உள்ளே போய்த் தேடிக்கொண்டு வருவான். "சொன்ன. நறுமுகைன்னு முழுப்பேரு சொன்ன. நீ பாப்பான்னுதான் கூப்பிடுவ, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் தந்தை, மகன்னு வந்துச்சு. நடுவுல ஹாரன் சத்தம். கடைசில அளிக்கிறேன்னு முடிஞ்சுது." அவளுக்குள் எதுவும் அசையவில்லை. அசையும் என்று காத்திருந்தாள். "அது என்னன்னு உனக்குத் தெரியுமா?" தெரியும், என்றான். "ஏன் நிறுத்தல?"

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், நேற்றிலிருந்து முதல் தடவையாக. "எப்படி நிறுத்தறது? ஊத்தினதே நான்தானே. உன் ரெண்டு கையும் பாப்பா தலையப் புடிச்சிருந்துச்சு. ஊத்து இளா ஊத்துன்னு கத்தின. காய்ச்சலுக்குன்னு நெனச்சேன். அப்புறம் நீ சொல்ல ஆரம்பிச்ச, புரிஞ்சுது. நிறுத்தலாம்னு கை வந்துச்சு. நிறுத்தல. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் மெதுவா ஊத்தினேன். தண்ணி பத்தாமப் போயிடுமோன்னு." அப்போதுதான் அந்த டம்ளர் அவள் கண்முன் வந்தது. வகுப்பில் அவள் டம்ளரைச் சாய்க்க, பக்கத்து பெஞ்சு ரோஸ்லின் புத்தகத்தைப் பார்த்து வார்த்தைகளை வாசிக்க, சிஸ்டர் பெனிட்டா பாய்ந்து வந்து பொம்மையைப் பிடுங்கினார். ஊற்றுகிறவள்தான் சொல்ல வேண்டும். கை ஒருத்தி வாய் ஒருத்தி என்றால் பொம்மைக்குக்கூடச் செல்லாது. ஆக, செல்லாது. சந்தேகமே இல்லை. 'பெறாதிருந்தால்' தேவையில்லை, புதிதாக, முழுசாக, பாவமில்லாமல் கொடுக்கலாம், ஒரு நிமிஷ வேலை. அவள் தன் கையைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள், கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. தண்ணி பத்தாமப் போயிடுமோன்னு. இனிமேல் பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள், பிள்ளைக்கு இன்னும் ஆகவில்லை என்ற அந்தப் பயம், நேற்றிலிருந்து நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் தெம்பில்லை. மரத்துப்போன காலை ஊன்றுகிற மாதிரி, பயம் இருந்த அந்த இடத்தில் மனசை ஊன்றிக்கொண்டாள்.

கதவு திறந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். "நறுமுகை பேரண்ட்ஸ்? எடுத்தாச்சு. ரிசல்ட் சாயங்காலம் ஆகும். தலையத் தூக்காமப் படுக்க வெச்சிருக்கோம், ஒரே அழுகை, ஒருத்தர் மட்டும் வாங்க." உள்ளேயிருந்து அழுகை இப்போது மூடாமல் வந்தது, கோபமான, கட்டைக் குரல் அழுகை. இளவழகன் கைப்பையை எடுத்து அவளிடம் நீட்டினான். "தண்ணி பாட்டில் இதுல இருக்கு" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவள் பையை வாங்கினாள், சித்தியின் காலி நாற்காலியில் வைத்தாள், துப்பட்டாவை ஈரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வா" என்றாள் அவனிடம்.

"ஒருத்தர்தான் மேடம்" என்றாள் நர்ஸ்.

"ரெண்டு பேரும் வர்றோம்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவனுடைய ஒரு கால் வெறுமனே இருப்பதையும் பார்த்தாள். பிறகு கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சரி, செருப்பைக் கழட்டிட்டு வாங்க, என்றாள்.